28 லிட்டர் ஓடிஜி, மூன்று உளிகள், ஒரு கரண்டி: வீட்டில் ரொட்டி சுடவும் லினோ அச்செடுக்கவும் எதை வாங்கலாம்?

ரொட்டியும் கேக்கும் வீட்டிலேயே சுட வேண்டும், அப்படியே லினோ என்ற தகட்டில் படம் செதுக்கி, மை தடவித் தாளில் அச்செடுக்கவும் வேண்டும், என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: காசைச் சின்னப் பொருள்களில் போடுங்கள். ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின் அடுப்பு) 28 லிட்டர் போதும். ஆனால் அதற்குள் தொங்கவிட ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். அச்செடுக்க பிரஸ் என்ற அழுத்தும் இயந்திரம் தேவையில்லை. ஆனால் உளி மூன்று என்றாலும் மூன்றும் கூராக இருக்க வேண்டும். கடையிலும் இணையத்திலும் நம் கண்ணில் படுவது எப்போதும் பெரிய பொருள்தான். வேலையைத் தாங்குவது பக்கத்தில் இருக்கும் சின்னது.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. இப்போது பெரம்பூரில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். பகலில் ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும்தான் எனக்கானவை. வீட்டில் தனி அறை கிடையாது, சாப்பாட்டு மேசை ஒன்றுதான். அதில் ஒரு நாள் மாவு பிசைவேன், இன்னொரு நாள் லினோ செதுக்குவேன். அதனால் இங்கே சொல்வதெல்லாம் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கானது அல்ல. சமையல் முடிந்து மேடையைத் துடைத்த பிறகு கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் எதையாவது செய்து பார்க்க நினைப்பவர்களுக்கானது.

இரண்டையும் ஒரே விமர்சனத்தில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. ரொட்டியும் அச்சுப் படமும் திரும்பத் திரும்பச் செய்வதற்கென்றே இருப்பவை. போன வாரம் நன்றாக வந்த ரொட்டி இந்த வாரமும் அதே போல வர வேண்டும். முதல் தாளில் விழுந்த கறுப்பு பத்தாவது தாளிலும் அதே அழுத்தத்தில் விழ வேண்டும். ஒரு தடவை அழகாக வந்துவிட்டால் அது அதிர்ஷ்டமாக இருக்கலாம். மறுபடியும் வந்தால்தான் கை பழகியிருக்கிறது என்று பொருள். ஆகவே எந்தச் சாதனத்தையும் நான் அளப்பது இந்தக் கேள்வியை வைத்துத்தான்: இதை வைத்து அதையே மறுபடியும் செய்ய முடியுமா?

முதலில் ஓடிஜி. என்னிடம் இருப்பது 28 லிட்டர், 1500 வாட். மேலும் கீழும் சூடேறும் கம்பிகள், உள்ளே காற்றைச் சுழற்றும் ஒரு சின்ன விசிறி, முன்னால் திருகுகள், அவ்வளவுதான். ஆறாயிரத்துச் சொச்சம் கொடுத்தேன். கம்பெனி பெயர் சொல்லப் போவதில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன், அவை இந்த விலையில் வரும் பெரும்பாலான ஓடிஜிகளுக்குப் பொதுவானவை.

அளவைப் பற்றி நிறையப் பேர் குழம்புகிறார்கள். இருபது லிட்டருக்குக் கீழே வாங்காதீர்கள். 9க்கு 5 அங்குல ரொட்டி டின் உள்ளே போகும், ஆனால் ரொட்டி உப்பி எழும்போது அதன் தலை மேல் கம்பிக்கு மிக அருகில் போய்விடும். உள்ளே வேகாமலே மேலே கருகும். 28 லிட்டரில் கீழ்த்தட்டில் டின்னை வைத்தால் மேலே போதிய இடைவெளி இருக்கிறது. அதற்கு மேல் போய் நாற்பது லிட்டர் வாங்கினால் சூடாவதற்கு நேரம் கூடும், மின்சாரம் கூடும், மேடையில் மிக்ஸி வைக்க இடம் இருக்காது. கடைசியில் பரணுக்குப் போகும். தினம் கண்ணில் படும் இடத்தில் இருக்கும் ஓடிஜிதான் தினம் வேலை செய்யும்.

வாங்கும் முன் சமையலறை பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர் இழுக்கும். ஃபோன் சார்ஜர் செருகும் 6 ஆம்ப் பாயின்ட்டில் இதைச் செருகவே கூடாது. 16 ஆம்ப் பவர் பாயின்ட் வேண்டும், எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ஒப்பேற்றக் கூடாது. ஃபிரிட்ஜ் ஒரு பவர் பாயின்ட்டை எடுத்துக்கொண்டிருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இன்னொன்று போட்டுவிட்டு ஓடிஜியை வாங்குங்கள். சுவரிலிருந்து நாலு விரற்கடையாவது தள்ளி வையுங்கள், ஏனென்றால் இந்த விலை ஓடிஜிகளில் வெளித்தகடும் கண்ணாடிக் கதவும் கை வைக்க முடியாத அளவு சுடும்.

இப்போது பெரிய குறைக்கு வருகிறேன். திருகில் 180 என்று வைத்தால் உள்ளே 180 இருக்காது. என் ஓடிஜியில் 205 வரை ஏறுகிறது. பிறகு கம்பி அணைந்து 175க்கு இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. தெர்மோஸ்டாட் வேலை செய்யும் முறையே அதுதான்: வைத்த சூட்டைத் தாண்டியதும் மின்சாரத்தை வெட்டும், இறங்கியதும் விடும். அந்த ஏற்ற இறக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் நடுப்புள்ளியே பத்து டிகிரி தள்ளியிருப்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தச் செய்முறையைப் பின்பற்றினாலும் கேக்கின் மேல் வெடித்து, அடி வறண்டுதான் வரும். பெரும்பாலானவர்கள் அப்போது செய்முறையைச் சந்தேகிப்பார்கள், அல்லது தனக்கு பேக்கிங் வராது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கும். கம்பித்தட்டில் தொங்கவிடும் வட்டமான தெர்மாமீட்டர் நானூறு ரூபாய்கூட இல்லை. அதை நடுத்தட்டில், கதவுக்கும் பின்சுவருக்கும் நடுவில் தொங்கவிட்டு, ஓடிஜியைக் காலியாகவே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். 160 வேண்டுமானால் திருகு எங்கே நிற்க வேண்டும், 180க்கு எங்கே, 200க்கு எங்கே என்று மார்க்கர் பேனாவால் முகப்பிலேயே கோடு போட்டுவிடுங்கள். என் ஓடிஜியில் கம்பெனி அச்சிட்ட எண்களை நான் பார்ப்பதே இல்லை, என் கோடுகள்தான்.

சாயங்கால நேரத்தில் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கும். 230 வோல்ட் 200 ஆனால் கம்பி தரும் சூடு ஏறக்குறைய கால்வாசி குறைந்துவிடும், ஏனென்றால் அது வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்து நிமிடத்தில் பிரீஹீட் ஆக வேண்டியது, அதாவது டின்னை வைக்கும் முன் சூடாக வேண்டியது, அதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். செய்முறையில் எழுதியிருக்கிறதே என்று கடிகாரத்தைப் பார்த்து டின்னை உள்ளே வைப்பவர்களுக்கு அன்று கேக் எழும்பாது. தெர்மாமீட்டரைப் பார்த்து வைப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் உதவாது, சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் இந்தச் சுமையைத் தாங்காது. அப்படி நடந்தால் கதவைத் திறக்காமல் விடுங்கள். ரொட்டி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், ஸ்பாஞ்ச் கேக் பிழைக்காது.

டைமர் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து நிமிடம், எட்டு நிமிடம் என்று குறைவாக வைக்கும்போது நேராக அங்கே திருப்பாதீர்கள். இருபதைத் தாண்டித் திருப்பிவிட்டு, பின்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள். உள்ளே சுருள்வில் சரியாக இறுகினால்தான் சின்ன நேரங்களைச் சரியாக ஓட்டும்.

தெர்மாமீட்டருக்கு அடுத்தது எடை போடும் டிஜிட்டல் தராசு. கப் அளவை நான் விட்டுவிட்டேன். மைதாவைத் தளர்வாகப் போட்டால் ஒரு கப் 120 கிராம், டப்பாவுக்குள் கப்பை விட்டு அமுக்கி அள்ளினால் 150. ஒரு ரொட்டிக்கு நாலு கப் என்றால் வித்தியாசம் எங்கே போய் நிற்கும் பாருங்கள். பேக்கரிக்காரர்கள் மாவை நூறு என்று வைத்து எல்லாவற்றையும் அதன் சதவீதத்தில் சொல்வார்கள், வீட்டுக்கும் அதுவே வசதி: மைதா 500 கிராம், தண்ணீர் 325, உப்பு 10, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5. அதாவது 100, 65, 2, 1. கோதுமை மாவு கலந்தால் தண்ணீரை ஏற்றுங்கள், நம் சக்கியில் அரைத்த மாவு மைதாவைவிட நிறையக் குடிக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த டின்னுக்கும் எந்த அளவுக்கும் கணக்குப் போட்டுவிடலாம்.

ஆனால் சென்னையின் வெயிலுக்கு எந்தச் செய்முறையும் இடம் விடுவதில்லை. குளிர்நாட்டுச் செய்முறைகளில் 'வெதுவெதுப்பான தண்ணீர்', 'ஒன்றரை மணி நேரம் உப்ப விடவும்' என்று இருக்கும். மே மாதம் எங்கள் சமையலறையில் மாவு நாற்பத்தைந்து நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும், இன்னும் விட்டால் புளித்த வாசம் வந்து தளர்ந்துவிடும். நான் ஃபிரிட்ஜ் தண்ணீரில்தான் பிசைகிறேன், ஈஸ்ட்டை 3 கிராமாகக் குறைக்கிறேன். மார்கழியில் பழையபடி 5 கிராம், சாதாரணத் தண்ணீர். இந்த மாற்றத்தைச் செய்ய எடை தெரிந்திருக்க வேண்டும். ஒரு டீஸ்பூன், முக்கால் டீஸ்பூன் என்று அளந்தால் கைக்குப் பிடிபடாது.

வெந்ததா என்று பார்க்க ரொட்டியை டின்னிலிருந்து கவிழ்த்து அடியில் தட்டிப் பார்ப்பது பழைய வழி, வெற்றுப் பானையைத் தட்டினது போல 'டொக்' என்று கேட்கும். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 93 முதல் 96 டிகிரி. நான் இரண்டையும் செய்வேன், காதுக்கும் வேலை வேண்டும்.

தூத்துக்குடிக்காரி என்பதால் மக்ரூனைச் செய்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. முட்டை வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரிப் பருப்பு, இந்த மூன்றுதான். நுரையைக் கெட்டியாக அடித்து, முந்திரித் தூளை நுரை உடையாமல் கலந்து, கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் காயவிட வேண்டும். வேகவைப்பது என்பதைவிட உலர்த்துவது என்றே சொல்லலாம். சாதாரண ஓடிஜியின் மிகக் குறைந்த சூடு 100 டிகிரி, அதுவே உண்மையில் 115 இருக்கும். கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகிச் சற்றே திறந்து வைத்தால் சரியாகக் காய்கிறது, ஈரமும் வெளியே போகிறது. ஒன்றரை மணி நேரம் ஆனதும் அணைத்துவிட்டு, ஆறும்வரை உள்ளேயே விடுவேன். எங்கள் ஊர்க் கடை மக்ரூனின் அந்த வாயில் வைத்ததும் கரையும் தன்மை வருகிறது. நிறம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சிவக்கிறது. மழைக்காலத்தில் செய்யாதீர்கள், டப்பாவில் போடுவதற்குள் பிசுபிசுத்துவிடும்.

நான் சிறுமியாக இருந்தபோது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பக்கத்து வீடுகளில் கேக் கலவையை வீட்டிலேயே கலக்கி, டின்னோடு பேக்கரிக்கு எடுத்துப் போய், அங்கே விறகு அடுப்பில் வேகவைத்து வாங்கி வருவார்கள். எந்த டின் யாருடையது என்று தெரிய மேலே துண்டுச் சீட்டு. பெரம்பூரிலும் எங்கள் கீழ்வீட்டு அக்கா அப்படிச் செய்த காலத்தைச் சொல்லியிருக்கிறார். அந்த அக்கா இப்போது டிசம்பரில் என் ஓடிஜியில் பிளம் கேக் சுட்டுக்கொள்கிறார். 150 டிகிரி, இரண்டு மணி நேரம், மேலே ஃபாயில். அவ்வளவு நீண்ட நேர வேலையிலும் இந்த ஓடிஜி சோடை போகவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

சரி, லினோவுக்கு வருவோம்.

வெளியே பத்துப் பன்னிரண்டு கத்திகளோடு ஒரு மரக்கைப்பிடி செட் மலிவாகக் கிடைக்கிறது. நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன். வாங்காதீர்கள். கத்தி கைப்பிடிக்குள் இறுக உட்காராமல் ஆடும், இரும்பு மிருதுவானது, ஒரு படம் முடிவதற்குள் மழுங்கிவிடும். மழுங்கிய உளிதான் ஆபத்து. அழுத்த அழுத்த நகராமல் இருந்து, திடீரென வழுக்கிக்கொண்டு மற்ற கையை நோக்கி வரும். எத்தனை கத்தி இருக்கிறது என்று பார்த்து வாங்குவதில் பயனில்லை. மெல்லிய கோட்டுக்கு ஒரு ‘வி’ வாய் உளி, நடுத்தரமான ஒரு ‘யு’ வாய், பரப்பைச் சுத்தமாக எடுக்க அகலமான இன்னொரு ‘யு’ வாய், இந்த மூன்றில் எதையும் செதுக்கலாம். மாற்றுக் கத்தி வகையில் ஸ்பீட்பால் கம்பெனியின் கைப்பிடி நல்லது. கத்திகளை அதன் உள்ளேயே போட்டு மூடி வைக்கலாம், பிடியும் உறுதி. வசதி இருந்தால் சுவிட்சர்லாந்தின் ஃபைல் (Pfeil) கம்பெனி உளிகள், அவை தலைமுறைக்கு வரும். எதுவானாலும் பழைய தோல் பெல்ட் ஒன்றைப் பலகையில் ஒட்டி, பாலிஷ் பேஸ்ட் தடவி, செதுக்கும் முன் உளியை அதில் நாலு இழுப்பு பின்னோக்கி இழுங்கள். வெண்ணெயில் போவது போலப் போகும் என்று சொல்வார்கள், அவ்வளவு இல்லை, ஆனால் கை நோகாது.

பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். லினோவைத் தடுத்து நிறுத்த மேசை விளிம்பில் மாட்டும் ஒரு பலகை வேண்டும். மேலே ஒரு கட்டை, கீழே ஒரு கட்டை வைத்து ஆணி அடித்தால் போதும், தச்சரிடம் சொன்னால் ஐந்து நிமிட வேலை. வீட்டில் பிள்ளைகள் செதுக்க ஆசைப்பட்டால் இந்தப் பலகை இல்லாமல் விடாதீர்கள்.

லினோ தகடு வாங்கும்போது ஏமாற வாய்ப்புண்டு. லினோ வேண்டும் என்று கேட்டால் தரையில் ஒட்டும் வினைல் விரிப்பைக் கொடுத்துவிடுவார்கள். அது பிளாஸ்டிக். உண்மையான லினோலியம் 1860களில் ஃப்ரெடரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற பொருள். காய்ந்து கெட்டியான ஆளிவிதை எண்ணெயோடு தக்கைத்தூளைச் சேர்த்துச் சணல் துணியின் மேல் பரப்புவார்கள். பின்பக்கம் சணல் தெரிய வேண்டும், முகர்ந்தால் எண்ணெய் வாசம் வர வேண்டும். அதுதான் அடையாளம். பழசானால் இறுகிவிடும், மொட்டை மாடியில் சற்று வெயில் காட்டினால் இளகும், இதில் சென்னைக்காரர்களுக்குக் கஷ்டமே இல்லை. இளஞ்சிவப்பு நிறத்தில் மெத்தென்ற ரப்பர் தகடும் வருகிறது. பிள்ளைகளுக்கு அது நல்லது, உளி தானே ஓடும். ஆனால் மெல்லிய கோடு அதில் நெளியும், பல தடவை தேய்த்தபின் ஓரம் உதிரும். முப்பது பிரதி எடுக்க நினைத்தால் லினோதான்.

பெரிய சாதனம் இல்லாமல் பெரிய படம் வருமா என்று சந்தேகிப்பவர்கள் வங்க ஓவியர் நந்தலால் போஸ் 1930இல் தண்டி யாத்திரையை ஒட்டிச் செதுக்கிய காந்தியைப் பார்க்க வேண்டும். கறுப்புப் பரப்பில் வெள்ளைக் கோடுகளாய்க் கோலூன்றி நடக்கும் அந்த உருவம் லினோவில் செய்ததுதான். எவ்வளவு குறைவாகச் செதுக்கியிருக்கிறார், எவ்வளவு கறுப்பை அப்படியே விட்டிருக்கிறார் என்று கவனித்தால் இந்த வேலையில் பாதி பிடிபட்டுவிடும். சிறு பிள்ளைகளின் உழைப்பையும் பசியையும் லினோவில் செதுக்கிய வங்கக் கலைஞர் சித்தப்ரசாத்தையும் தேடிப் பாருங்கள். நான் வாழைப்பூவையும் மீன்களையும் செதுக்குவதற்கு இவர்களே தைரியம் கொடுத்தவர்கள். 1950களின் கடைசியில் பிக்காசோ ஒரே தகட்டைச் செதுக்கிச் செதுக்கி ஒவ்வொரு நிறமாக அச்செடுத்தார். அழகான முறை, ஆனால் கடைசி நிறத்துக்கு வரும்போது தகடு தீர்ந்துபோயிருக்கும், அதே படத்தை மறுபடி எடுக்க முடியாது. எனக்கு அது ஒத்துவரவில்லை. என் தகடுகள் எனக்கு அடுத்த ஆண்டும் வேண்டும்.

மை விஷயத்தில் நம் ஊருக்குத் தனிச் சிக்கல் உண்டு. தண்ணீரில் கரையும் மை வாங்க எளிது, கழுவ எளிது, விலையும் குறைவு. ஆனால் ஃபேன் ஓடும் அறையில் கண்ணாடித் தட்டில் பரப்பிய சில நிமிடத்திலேயே ஓரம் உலர ஆரம்பித்துவிடும். ஐந்தாவது தாளில் புள்ளி புள்ளியாக வெள்ளை விழும். ஃபேனை நிறுத்திவிட்டு, ஓரிரு சொட்டு கிளிசரின் கலந்தால் சமாளிக்கலாம். வெயில் காலத்தில் அதுவும் போதாது. அச்சகங்களுக்கு மை விற்கும் கடைகளில் டின்னில் கிடைக்கும் ஆஃப்செட் மையை நிறையக் கலைஞர்கள் பயன்படுத்துகிறார்கள். தட்டில் மணிக்கணக்கில் காயாது, கறுப்பு அவ்வளவு ஆழம். ஆனால் தாளில் காயவும் நாள் கணக்கில் ஆகும், ஐப்பசி மழையில் இன்னும் அதிகம். கழுவ மண்ணெண்ணெய் தேவையில்லை. கடலை எண்ணெயை ஊற்றிக் கந்தல் துணியால் துடைத்துவிட்டு, அப்புறம் பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டால் போய்விடும். என் மனதுக்குப் பிடித்தது காலிகோ சேஃப் வாஷ் என்ற வெளிநாட்டு மை: எண்ணெய் மை, ஆனால் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். விலை கை கடிக்கும். தினப்படி வேலைக்கு ஆஃப்செட், பரிசாகக் கொடுக்கும் படங்களுக்கு காலிகோ என்று வைத்திருக்கிறேன்.

ரோலரில் கஞ்சத்தனம் வேண்டாம். ரப்பரில் சின்னக் குழி இருந்தாலும் ஒவ்வொரு தாளிலும் அது தெரியும். தட்டில் மையை உருட்டும்போது காதைக் கொடுங்கள், மை சரியான கனத்தில் இருந்தால் மெல்லிய ‘உஸ்ஸ்’ என்ற ஓசை வரும். சளசளவென்று ஒட்டி இழுத்தால் மை கூடிவிட்டது, மெல்லிய கோடுகள் அடைபடும். வேலை முடிந்ததும் ரோலரை ரப்பர் தரையில் படும்படி வைக்காதீர்கள், ஒரு பக்கம் தட்டையாகிவிடும். ஆணியில் மாட்டுங்கள்.

பிரஸ்ஸுக்குப் பதில் நான் பயன்படுத்துவது ஒரு எவர்சில்வர் குழிக்கரண்டியின் முதுகு. தாளை மை தடவிய லினோ மேல் வைத்து, அது நகராமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து வெளியே சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, வெளிறின இடத்தில் மறுபடி தேய்க்கலாம். பிரஸ்ஸில் அந்த வசதி கிடையாது. ஏ4 அளவு வரை கரண்டி போதும். அதற்கு மேல், அகன்ற கறுப்புப் பரப்பு உள்ள படம் என்றால் தோள் வலிக்கும், கறுப்பும் திட்டுத் திட்டாக வரும். அப்போதும் வீட்டுக்கு பிரஸ் வாங்கச் சொல்ல மாட்டேன். சென்னையில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி மண்டல மையத்தில் அச்சுக் கலைக்கென்றே ஸ்டூடியோ இருக்கிறது. அங்கே நடக்கும் கண்காட்சிக்குப் போய் பெரிய அச்சுப் படங்களைக் கிட்டத்தில் பார்ப்பதே ஒரு பாடம்.

தாள்: பழகுவதற்குச் செய்தித்தாள் அச்சிடும் நியூஸ்பிரிண்ட், நல்ல பிரதிக்குப் புதுச்சேரி ஆசிரமத்தின் கைக்காகிதம். மெல்லியதாகத் தேர்ந்தெடுங்கள், தடித்த தாளில் கரண்டியின் அழுத்தம் மறுபக்கம் போய்ச் சேராது.

தமிழ் எழுத்துச் செதுக்குவது தனி இன்பம், தனிச் சோதனையும்கூட. எல்லாம் கண்ணாடியில் தெரிவது போல மாறிச் செதுக்கப்பட வேண்டும். நான் தாளில் மென்பென்சிலால் எழுதி, அதைக் குப்புற லினோ மேல் வைத்துத் தேய்த்துவிடுவேன், எழுத்து தானே மாறி இறங்கிவிடும். நேர்கோடுகளுக்கு லினோ அருமை. நம் எழுத்துகளோ வளைவும் சுழியும். ‘ஞ’வின் வயிற்றுக்குள்ளும் ‘இ’யின் சுழிக்குள்ளும் உளியைச் சுழற்றாமல் தகட்டைச் சுழற்ற வேண்டும். அரை அங்குலத்தைவிடச் சின்ன எழுத்து வைக்காதீர்கள்.

இப்படித்தான் இரண்டு வேலைகளும் எங்கள் வீட்டில் ஒன்று சேர்ந்தன. பக்கத்து வீடுகளுக்கும் மகளின் தோழிகளுக்கும் ரொட்டி கொடுக்கும்போது காக்கித் தாளில் அச்சடித்த ஒரு சீட்டைச் சணல் நூலால் கட்டிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு தகடு. தேங்காய் பன்னுக்குத் தென்னங்கீற்று, மக்ரூனுக்கு ஒரு தோணி. சீட்டை வெட்டி வைத்துக்கொண்டு பிள்ளைகள் புத்தகத்தில் அடையாளத்துக்குச் செருகுகிறார்கள். ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: அச்சிட்ட தாள் ரொட்டியைத் தொடக் கூடாது. செய்தித்தாளில் உணவுப் பண்டம் மடித்துக் கொடுப்பதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 விதிகளில் தடுத்திருப்பது இந்த மைக்காகத்தான். உள்ளே பட்டர் பேப்பர், வெளியே சீட்டு. அதே போல அச்சுக்கு எடுத்த கரண்டி அச்சுக்கே. என்னுடையதில் சிவப்பு நூல் கட்டி, ரோலரோடு தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். அது மறுபடி சமையலுக்கு வராது. லினோ சில்லுகள் மேசை இடுக்கில் ஒளிந்துகொள்ளும், மாவு பிசையும் நாளுக்கு முன் மேசையை ஈரத்துணியால் இரண்டு தடவை துடையுங்கள். முடிந்தால் அச்சு வேலைக்குத் தனியாக ஒரு பிளைவுட் பலகை, மேசை மேல் போட்டு எடுக்கும்படி.

ஓடிஜியின் உழைப்பைப் பற்றி: கீழ்க்கம்பி ஒன்று எரிந்துபோனது. சர்வீஸுக்குக் கூப்பிட்டால் கம்பெனிக்காரர்கள் வர நாளாகும் என்றார்கள். வாரன்டியும் முடிந்திருந்ததால் எங்கள் தெரு எலெக்ட்ரிகல் கடைக்காரர் அதே நீளம், அதே வாட்டில் கம்பி வாங்கிப் போட்டுக் கொடுத்தார். மாற்றியதும் சூடு மாறியிருக்கும் என்று தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு மறுபடி காலியாக ஓடவிட்டேன். என் பழைய கோடுகள் ஏழெட்டு டிகிரி நகர்ந்திருந்தன. அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன்.

இன்று முதலிலிருந்து வாங்கச் சொன்னால் வரிசை இப்படி இருக்கும். தராசு முதலில், ஏனென்றால் அது சப்பாத்திக்கும் இட்லி மாவுக்கும்கூட உதவும். அடுத்து மூன்று உளி, ஒரு ரோலர், கையளவு லினோ இரண்டு, ஒரு சின்ன டின் கறுப்பு மை. மற்ற நிறங்கள் ஓராண்டுக்கு வேண்டாம், கறுப்பும் வெள்ளையும் சரியாக வந்த பிறகு சிவப்பை வாங்கலாம். கடைசியில் ஓடிஜியும் தெர்மாமீட்டரும், இரண்டையும் ஒரே நாளில். தெர்மாமீட்டர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கடையில் தோன்றினால், ஓடிஜியையும் அப்புறமே வாங்கிக்கொள்ளுங்கள்.